மாசா வேறு, மிசா வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வரி: 'ஸ்பானிஷும் இத்தாலியனும் அக்கா தங்கை, செபப் புத்தகத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு மணி நேரம் போதும்.' அக்கா தங்கைதான், மறுக்கவில்லை. அக்கா ஜாக்கெட் தங்கைக்குச் சேருமா?

'அருள் நிறைந்த மரியே வாழ்க' இத்தாலியனில் 'ஆவே மரீயா' என்று தொடங்கும். ஸ்பானிஷில் அவேமரீயா என்பது அந்தச் செபத்தின் பெயர். தொடக்கமோ 'தியோஸ் தே சால்வே, மரீயா'. கர்த்தர் கற்பித்த செபத்தில் சோதனை வரியை இத்தாலிய ஆயர்கள் 2020இல் வெளியான திருப்பலி நூலில் மாற்றிவிட்டார்கள். முன்பு 'சோதனைக்குள் கொண்டுபோகாதேயும்', இப்போது 'சோதனையிடம் கைவிட்டுவிடாதேயும்' என்ற பொருள். ஸ்பானிஷில் 'விழ விடாதேயும்'. பழைய புத்தகத்தைப் பார்த்துச் செப அட்டை அச்சடித்தால், பூசைக்கு வந்த இத்தாலியர் வாய் ஒன்று சொல்லும், அட்டை ஒன்று சொல்லும். செபத்தை மொழிபெயர்க்கவே கூடாது ஐயா. அந்தந்த நாட்டு ஆயர் பேரவை ஒப்புதல் தந்த பாடத்தை எடுத்து எழுத்துப் பிசகாமல் படியெடுக்க வேண்டும்.

நடப்பது என்ன? தமிழிலிருந்து ஆங்கிலம், அங்கிருந்து மெஷின் மொழிபெயர்ப்பு. பூசை 'மாஸ்' ஆகி, ஸ்பானிஷில் 'மாசா' என்று வந்து நிற்கும். மாசா என்றால் பிசைந்த மாவு. சரியான சொல் 'மிசா' (நெருக்கடிநிலைக் காலத்து மிசா சட்டமும் 1976 கைதுகளும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை), இத்தாலியனில் 'மெஸ்ஸா'. நற்கருணை அப்பம் ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்பதால் 'விருந்து கொடுப்பவர்' ஆகிவிடும். பெரிய வெள்ளிக்கு ஆங்கிலத்தைப் பார்த்து 'நல்ல' என்று போடுவார்கள். இரண்டு மொழியிலும் அது 'பரிசுத்த' வெள்ளிதான்.

புனிதர் பெயரிலும் கண்ணி உண்டு. ஸ்பானிஷில் பேதுரு 'சான் பேத்ரோ', தோமையார் மட்டும் 'சாந்தோ தோமாஸ்'. இத்தாலியனில் தோமையாருக்கும் 'சான்' போதும். ஸ்தேவானுக்குத்தான் 'சாந்தோ', அன்னம்மாள் 'சாந்தான்னா'.

உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும்தானே தொன் போஸ்கோவை ஒருமுறை ஸ்பானியப் பிரபு ஆக்கினீர்கள்? 'தொன்' இத்தாலியில் குருவுக்குப் போடும் மரியாதைச் சொல். அவர் பெயர் ஜொவான்னி. அதற்கு எழுதிய கடிதம் எந்தக் குப்பைக்கூடையில் கிடக்கிறதோ. வடசென்னை என்றால் வெட்டுக்குத்தும் மழைத்தண்ணீரும்தான் உங்களுக்குச் செய்தி. பரிசுத்த ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கீசியத்தையே தமிழாக்கிச் செபம் சொன்ன பாட்டிமார் இருந்த தெருக்கள் இவை.

அந்த 'ஒரு மணி நேரம்' வரிக்கு மட்டுமாவது இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். மூன்றாம் பக்கத்து மூலையில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
அச்சுப்பிழை திருத்தும் ஒரு வாசகர்,
இராயபுரம், சென்னை-13