காய்ந்த சிமெண்டில் ஒரு பூனை

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய ஜாதிக்காய் எண்ணெய் வந்து சேர்ந்ததா என்று நீ எழுதவே இல்லை.

இங்கே வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்டோம். கொத்தனார் மட்டம் பார்த்துவிட்டுப் போன சாயங்காலமே சாக்கடையிலிருந்து ஓர் உடும்பு ஏறி வந்து ஓரமாக நடந்திருக்கிறது. இரவில் பக்கத்து வீட்டுப் பூனை. மகனுக்கு ஒரே எரிச்சல், மறுபடி பூசச் சொன்னான். நான் விடவில்லை. பாறையில் பதிந்த பழங்கால விலங்குகளின் காலடித் தடங்களைப் பற்றி இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா? பாடமே வீடு தேடி வந்த மாதிரி இருந்தது.

உடும்பைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐந்து விரல், நக நுனி, நடுவில் வால் இழுபட்ட கோடு. என்னைத் திணறடித்தது பூனைதான். குழாயோரம் ஈரம் அதிகம், அங்கே கால் புதைந்து விளிம்பு சரிந்து வெறும் குழியாக இருக்கிறது. நடுவில் நான்கு விரலும் உள்ளங்காலும் அச்சடித்ததுபோல் தெளிவு. சுவரோரம் சிமெண்ட் இறுகிவிட்டதால் விரல் நுனிகள் புள்ளி புள்ளியாக மட்டும். மூன்றையும் தனித்தனியாக வெட்டியெடுத்து உன்னிடம் கொடுத்தால் மூன்று விலங்கு என்றுதான் சொல்வாய். போதாததற்குப் பூனை முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலையும் வைக்கும், நான்கு காலில் போனது இரண்டு காலில் போனதுபோல் தெரியும்.

பாறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோட்டில் அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் பதியுமே, அதுபோல மிதித்த அழுத்தம் கீழே உள்ள சேற்று அடுக்குகளையும் அமுக்கும். மேலடுக்கு அரித்துப்போய், நமக்குக் கிடைப்பது அந்த அடித்தாளாக இருக்கலாம். அதில் விரல் மழுங்கியிருக்கும், அளவும் மாறியிருக்கும். அதனால்தான் ஒற்றைக் காலடியை நம்பாமல் வரிசை முழுவதையும் அளக்கிறார்கள்: இடது வலது இடைவெளி, அதே கால் மறுபடி விழும் தூரம், விரல்கள் விரிந்த கோணம், வரிசையின் அகலம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. தடத்துக்கு வைக்கும் பெயர் விலங்கின் பெயர் அல்ல, தடத்துக்கே உரியது. பஹாங்கில் கிடைத்த டைனோசர் பல்லைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகம் 2014இல் அறிவித்தது நினைவிருக்கிறதா? பல் விலங்கின் உடம்பில் ஒரு துண்டு, அதை வைத்து எந்தக் குடும்பம் என்று சொல்லிவிட்டார்கள். தடம் அப்படியில்லை. காலும் மண்ணும் நடையும் சேர்ந்து உண்டாக்கியது அது.

ஜெர்மனியில் ஹில்ட்பர்க்ஹவுசன் என்ற ஊரில் கிடைத்த தடங்கள்தான் இதற்கு எனக்குப் பிடித்த கதை. பார்த்தால் மனிதக் கை போலவே இருக்கும், கட்டைவிரல்கூட உண்டு. 1835இல் காவுப் என்பவர் கைரோதீரியம் என்று பெயரிட்டார், ‘கை மிருகம்’ என்று அர்த்தம். குரங்கு என்றார்கள், கரடி என்றார்கள். ஆனால் அந்தக் கட்டைவிரல் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது! அப்படியானால் வலப்பக்கம் விழுந்தது இடக்கால் என்று முடிவுகட்டி, காலைப் பின்னிப் பின்னி நடக்கும் ஒரு விலங்கைப் படமே வரைந்துவிட்டார்கள். அது கட்டைவிரலே இல்லை, வெளிப்பக்கம் வளைந்த ஐந்தாம் விரல். 1925இல் சோர்கல் என்ற ஜெர்மானியர் தடங்களை மட்டும் வைத்து, முதலை வழி உறவில் கால்களை உடம்புக்கு அடியில் நிமிர்த்தி நடந்த ஊர்வன என்று உருவம் கொடுத்தார். எலும்பு ஒன்றும் கையில் இல்லை. 1965இல் சுவிட்சர்லாந்துப் பாறையிலிருந்து டிசினோசூக்கஸ் என்ற விலங்கை விவரித்தபோது அதன் பாதம் அவர் சொன்னதுபோலவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போ. ஆனாலும் கைரோதீரியம் என்ற பெயர் தடத்துக்கு அப்படியேதான் இருக்கிறது. அதே மாதிரிக் கால் வேறு விலங்குக்கும் இருந்திருக்கலாமே.

தான்சானியாவின் லேட்டோலியில் ஐந்து காலடிகளைக் கரடியின் தடமாக இருக்கும் என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மறுபடி தோண்டிச் சுத்தம் செய்து, உயிருள்ள கரடிக் குட்டிகளைச் சேற்றில் நடக்கவிட்டு ஒப்பிட்டு, இது நிமிர்ந்து நடந்த நம் மூதாதை வகை என்று 2021இல் எழுதினார்கள். 36 லட்சம் ஆண்டுக்கும் முந்தைய காலடி!

இதையெல்லாம் படிக்கும்போது உன் அம்மா நினைவுதான் வருகிறது. தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் குனிந்து பார்த்து, “பன்றி குட்டியோடு போயிருக்கு, இன்னும் தண்ணி ஊறலை, இப்பத்தான்” என்பார்களே. மண்ணின் ஈரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் அவர்கள்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். நம் லயத்துப் படிக்கட்டில் ஈர சிமெண்டை உன் தம்பி மிதித்து அடி வாங்கினானே, அந்தத் தடம் வலக்காலா, இடக்காலா? எனக்குச் சுண்டுவிரல் சுவர்ப் பக்கம் இருந்ததாக ஞாபகம். நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி