மாமனாரோடு வாதாடுகிறவனுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்ளே,

இந்தக் கடிதமாவது பக்கத்துச் சித்தூரில் மாட்டிக்கொள்ளாமல் உன் சித்தூருக்கு வந்து சேரட்டும். பதில் போட மூன்று வாரமானதற்குத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

மாமனாரோடு மூன்று மணி நேரம் பரிணாமத்துக்காக மல்லுக்கட்டியிருக்கிறாய். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் சோறு போட்டார்களா? பெரியவர் கேட்டது நல்ல கேள்வி: 'மூளையே தானாக வந்தது என்கிறாய். ஒன்று இருக்கிறது, இல்லை என்ற இரண்டும் ஒருசேர உண்மையாகாது என்கிற தர்க்க விதி எங்கிருந்து வந்தது?' கேள்வியில் குறையில்லை. நீ சொன்ன பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். 'அதுவும் பரிணாமத்தில் வந்ததுதான், சரியாக யோசித்தவன் பிழைத்தான்' என்றாயாமே! அங்கேதான் கோட்டை விட்டாய்.

விதி வேறு, அதை உணர்கிற திறன் வேறு. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. யோசிக்கிற மூளை ஒன்றுகூட இல்லாத காலத்தில், ஒரு பாறை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நனைந்தும் நனையாமலும் கிடந்ததா? விதி பரிணாமத்தில் வந்தது என்றால், அதற்கு முன்னால் அப்படிக் கிடந்திருக்கலாம் என்று நீ ஒப்புக்கொண்டாக வேண்டும். இன்னொன்று: பரிணாமத்தை நிலைநாட்ட நீ அடுக்குகிற ஒவ்வொரு வாதமும் அந்த விதியை நம்பித்தான் நிற்கிறது. பிறகு அதே விதியைப் பரிணாமத்திலிருந்து வரவழைத்தால், பெரியவர் 'சுற்றிச் சுற்றி வருகிறாயே' என்று சிரிக்கத்தான் செய்வார்.

பரிணாமத்தில் வந்தது திறன். அதுவும் ஓட்டை உடைசலோடு வந்தது. 1966இல் பீட்டர் வேசன் என்கிற உளவியலாளர் வைத்த அட்டைச் சோதனையைச் செய்து பார். நாலு அட்டை வெட்டு. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிகிறபடி அ, க், 4, 7 என்று வை. விதி: 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்.' விதி பொய்யா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. நாலுக்குப் பின்னால் மெய்யெழுத்தே இருந்தாலும் விதி கெடாது. ஏழுக்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் கெட்டது. சரியாகச் சொல்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

அதே கணக்கை நம்மூர்க் கள்ளுக்கடைக்குக் கொண்டுபோ. 'கள் குடிக்கிறவனுக்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும்.' அட்டைகள்: கள், மோர், 30, 17. இப்போது கள்ளையும் 17ஐயும் சட்டென்று எடுத்துவிடுவார்கள். தர்க்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஏமாற்றுகிறவனைப் பிடிக்க நம் மூளை பழகியதால்தான் இது என்று ஒரு விளக்கம் உண்டு. அதை ஏற்காத உளவியலாளர்களும் உண்டு, ஆகவே அதை ஆணியடித்துச் சொல்லாதே. உனக்கு வேண்டியது இவ்வளவுதான்: விதி அசையவில்லை, தடுமாறுவது நம் திறன்.

அப்படியானால் விதி எங்கிருந்து வந்தது என்று விடமாட்டார். எல்லா விளக்கத்துக்கும் அடியில் கிடப்பதை இன்னொன்றை வைத்து விளக்க முடியாது என்று சொல். மறுக்கிறவன்கூட அதைப் பயன்படுத்தித்தான் மறுக்கிறான். அரிஸ்டாட்டில் அன்றைக்கே சொன்னது. 'கடவுள் வைத்தார்' என்றால், மாற்றி வைத்திருக்க அவரால் முடியுமா என்று பணிவாகக் கேள். முடியாது என்றால் விதி அவர் வைத்ததல்ல. முடியும் என்றால் பேச்சே ஓடாது. பணிவாக, மாப்ளே. மாமனார்.

இனி சான்றுக்கு வருவோம். மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் நடத்துகிற தர்க்கப் பாடம் நினைவிருக்கிறதா? இம்மலை நெருப்புடைத்து, புகையுடைத்து ஆதலால், அடுக்களை போல். இதில் புகைதான் ஏது, அதாவது காட்டுகிற காரணம். அங்கேயே ஏதுப் போலிகளும், அதாவது காரணம் போலத் தோன்றி ஏமாற்றுகிறவையும் வருகின்றன. அதில் அநைகாந்திகம் என்பது, இரண்டு பக்கத்துக்கும் பொருந்திப் போகிற ஏது. நீ காட்டிய 'மனிதக் கையும் குரங்குக் கையும் ஒரே மாதிரி' அந்த ரகம். ஒரே தச்சன் செய்த இரண்டு நாற்காலியும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சரியாகத்தான் முடித்தார்.

பொய்த்துப்போக இடமுள்ள சான்றை எடு. மரபணுக்களைச் சுமக்கிற இழையான குரோமோசோம் நமக்கு 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24. ஒரு ஜோடி முழுசாகத் தொலைந்திருந்தால் உயிர் தங்காது. பொது மூதாதை உண்மையென்றால் நம்முடையதில் எங்கோ இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டின தழும்பும் இருக்க வேண்டும். குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிடிஏஜிஜிஜி என்ற டிஎன்ஏ எழுத்துத் தொடர், நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவில் தலையோடு தலை முட்டியபடி கிடப்பதை 1991இல் கண்டார்கள். குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதி சென்ட்ரோமியர்; செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. 'அந்தத் தொடர் சிதைந்திருக்கிறதே' என்று மடக்குவார். சிதைந்துதான் இருக்கும். அது இப்போது நுனி இல்லை, பராமரிக்க ஆளில்லை; பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

எங்கள் பாலக்காட்டுக் கணவாயையும் சொல். மலைத்தொடரின் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலச் சமவெளிதான். ஆனால் மலையுச்சிச் சோலையை விட்டு இறங்காத சின்ன நீலக் குருவிக்கு அது கடல். வடக்கே நீலகிரியில் விலாவில் செம்பழுப்பு, தெற்கே ஆனைமலை, பழனியில் அது இல்லை. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே உள்ளதை 2017இல் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். 'குருவி குருவியாகத்தானே இருக்கிறது' என்பார். ஆமாம் என்று சொல்லிவிடு. இது கிளை பிரிவதற்கு மட்டும் சான்று, குரங்குக் கதைக்கு இதை இழுக்காதே. உன் வழக்கமான வியாதி அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்குமுன் அட்டைகளை நீட்டு. நாலை எடுத்தாரானால் எனக்கு உடனே எழுது. 7ஐத் தொட்டுவிட்டார் என்றால், பேசாமல் உட்கார்ந்து சாப்பிடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்