பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு

நுவரெலியாவில் தை, மாசி விடியலில் கொழுந்தைக் கருக்கும் உறைபனிதான் உண்டு. காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்க அது போதாது. ஆனாலும் கனடாவுக்கு வேலைக்குப் புறப்படும் எங்கள் பிள்ளைகளுக்குப் புல்சரிவில் ஒரு பலகைத் துண்டை வைத்து அந்தப் பனிச்சறுக்கை, ஸ்னோபோர்டிங்கை, விளக்கிய அண்ணே, மனமார்ந்த நன்றி.

விழப் பழகுவதுதான் முதல் பாடம் என்றீர்கள். உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். முன்னால் விழுந்தால் முஷ்டியை மூடி முன்னங்கைகளால் தாங்கவேண்டும். பின்னால் என்றால் நாடியை நெஞ்சோடு ஒட்டி, குந்தியபடி உட்காரவேண்டும். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம்.

யாருக்கும் விளங்காமல் இருந்தது அந்தத் திடீர் விழுகைதான். பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக் குதிகால் பக்கமுள்ள, மேட்டை நோக்கிய விளிம்பில் வழுக்கி இறங்கும்போது, பலகை தட்டையாகிவிட்டால் பள்ளப்பக்க விளிம்பு பனியில் குத்தும். கண்ணிமைக்கும் முன் ஆள் குப்புற அறைபடுவார். பெருவிரல்களை மேலே தூக்கி, முழங்காலை மடக்கி, எடையை மேட்டுப்பக்க விளிம்பிலேயே வைக்கச் சொன்னீர்கள். பலகையின் ஓரத்தில் உங்கள் விரலை மெல்ல ஓட்டிக் காட்டிய பிறகுதான் பிள்ளைகளின் முகம் தெளிந்தது.

ஊர், பேர் சொல்லாமல் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். அடுத்த முறை தேத்தண்ணி குடிக்காமல் போகவிடமாட்டோம், அண்ணே.