உங்க போனோட பதினைஞ்சு இலக்க நம்பர இன்னைக்கே எழுதி வைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். போன மாசம் அப்பாவோட ஹேண்ட்போன் பசார் மாலாம் ராத்திரி சந்தையில காணாம போச்சு. மோட்டார் கூடையில வச்சுட்டு மீ கோரெங் வாங்கப் போனாரு, திரும்பி வந்தா இல்ல. போன் விலை பெருசில்ல ஐயா, ஆனா போன வருஷம் தவறிப்போன எங்க அம்மா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுலதான் இருந்துச்சு.

போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணப் போனோம், ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர், அதான் ஐஎம்இஐ நம்பர், இருக்கான்னு கேட்டாங்க. அப்பா என் மூஞ்ச பார்க்குறாரு, நான் அப்பா மூஞ்ச பார்க்குறேன். வீட்டுக்கு வந்து தேடுனா, போன் வந்த பெட்டிய அம்மா ஊசி நூல் போட்டு வச்சிருந்தாங்க, அதோட பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 15 இலக்கத்துல அந்த நம்பர் இருந்துச்சு. ரெண்டு சிம் போன்ங்கிறதால ரெண்டு வரிசை. அந்தப் பெட்டிய தூக்கிப் போட்டிருந்தா கையில ஒண்ணுமே இருந்திருக்காது.

அடுத்து நாங்க பண்ண தப்பு. டவுன்ல ஒருத்தர் அந்த நம்பர குடுங்க, 150 வெள்ளி (ரிங்கிட்) குடுங்க, ரெண்டே நாள்ல போன் எங்க இருக்குன்னு காட்டுறேன்னாரு, அவசரத்துல குடுத்துட்டோம், அப்புறம் போன் பண்ணா எடுக்கவே இல்ல. டெலிபோன் டவர் வேலை பார்க்குற என் மாமா பையன் சொல்லித்தான் புரிஞ்சுது: சிம்ம மாத்துனாலும் அந்த நம்பர் மாறாது, எந்த சிம்ம போட்டு போன ஆன் பண்ணாலும் டவர் கிட்ட அந்த நம்பர் போகும், ஆனா அந்தப் பதிவு லைன் கம்பெனி கிட்டதான் இருக்கும், போலீஸ் முறைப்படி கேட்டா பார்ப்பாங்க. கடைக்காரரோ இன்டர்நெட்ல வர்ற ஆப்போ நம்பர வச்சு மேப்புல காட்டவே முடியாது. தயவு செஞ்சு யாரும் இதுக்கு காசு குடுத்து ஏமாறாதீங்க.

மேப்புல தெரியணும்னா கூகள் அக்கவுண்ட்ல போய் தேடுறதுதான் வழி, ஐபோன்னா ஆப்பிள் அக்கவுண்ட். வேற போன்ல இருந்து உள்ள போய் பூட்டவும் முடியும். அந்த கூகள் பக்கத்துலயே ஐஎம்இஐயும் பார்க்கலாம், பெட்டி இல்லாதவங்களுக்கு இது உதவும். எங்க போன எடுத்தவங்க உடனே ஆஃப் பண்ணிட்டாங்க போல, நாங்க பார்த்தப்ப ஒண்ணும் வரல. பேங்குக்கும் லைன் கம்பெனிக்கும் முதல்ல போன் பண்ணி சொல்லிருங்க, நாங்க மறுநாள்தான் சொன்னோம், நல்லவேளை காசு போகல.

இந்தியாவுல 2023 மே மாசத்துல இருந்து சஞ்சார் சாத்தின்னு அரசாங்கமே ஒண்ணு நடத்துது, போலீஸ் ரிப்போர்ட்டோட ஐஎம்இஐய பதிஞ்சா எந்த லைன்லயும் அந்த போன் வேலை செய்யாம தடுத்துடுவாங்க. நம்ம மலேசியாவுல திருட்டுப் போன தடுக்க எங்க போகணும், என்ன பாரம் நிரப்பணும்னு உங்க பேப்பர்ல ஒரு பக்கம் தமிழ்ல போடுங்க ஐயா. எங்க தோட்டத்துல மலாய்லயும் இங்கிலீஷ்லயும் படிச்சுப் புரிஞ்சுக்க முடியாத பெரியவங்க நிறைய பேரு இருக்காங்க, எல்லார் கையிலயும் இப்ப போன் இருக்கு.

போன் விக்குற கடைக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ரசீதுல அந்த ஐஎம்இஐ நம்பரையும் எழுதிக் குடுங்க. மத்தவங்க இப்பவே போன் பண்ண நம்பர் அழுத்துற இடத்துல *#06# அழுத்துனா திரையில வரும். அப்பாவோட புது போனோட ஐஎம்இஐ நம்பர சாமி மேடை பக்கத்து காலண்டர் பின்னால எழுதி வச்சிருக்கேன். பழைய போனுக்கு இன்னும் தகவல் வரல, வாரா வாரம் போலீஸ்ல போய் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக்