விறகடுப்பும் வெள்ளை அட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சமையலை விறகிலிருந்து மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக வலுத்து வருகிறது. நாடு முழுவதும் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளை வழங்கும் திட்டம் ஒன்றை, மத்திய அரசுத் துறை சார்ந்த எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் 2023 நவம்பரில் தொடங்கியது. அதன் நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களில் மின் கணக்கீட்டாளராக வீடு வீடாகச் சென்று, வெள்ளை அட்டையில் யூனிட்டைக் குறித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அடுப்பைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தூய எரிபொருளில் சமைக்கின்றன. இது பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு கேட்பது, வீட்டில் முதன்மையாகப் பயன்படும் எரிபொருள் எது என்பதையே. அடுக்களையில் சிலிண்டர் இருக்கும் வீட்டின் புறவாசலில் மூன்று கல்லைக் கூட்டி, குளிக்க வெந்நீர் போடுவதும், நெல் அவிப்பதும், விருந்தாள் வந்தால் சோறு வடிப்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. உடைமுள்ளும் பனைமட்டையும் தென்னங்கொதும்பும் காசின்றிக் கிடைக்கும் ஊர்களில், சிலிண்டரை மிச்சம் பிடிப்பதற்காகவே விறகு எரிகிறது. முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் பகல் முழுவதும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்குப் புகையிலைத் தூசியே போதுமான துன்பம். காலையும் மாலையும் அடுப்புப் புகை அதன்மேல் சேர்கிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, குழந்தைகளின் நிமோனியா, கண்புரை ஆகியவற்றோடு வீட்டுப் புகைக்குள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் பலமுறை எடுத்துரைத்துள்ளது. உலக அளவில் 2020இல் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் இறப்புகளுக்கு வீட்டுக்குள் எழும் இப்புகை காரணம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

மலையடிவாரத்து நிலையைத் தனியே சொல்ல வேண்டும். 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்த பிறகு, காட்டுக்குள் விறகுக்குச் செல்வதைக் குறைப்பதற்காகக் கிராம வனக்குழுக்கள் வழியே, மாற்றுத் தொழிலுக்கான சுழற்கடனும் (ஒருவர் திருப்பிக் கட்டியதும் அடுத்தவருக்குச் செல்லும் கடன்) மாற்று அடுப்புகளும் வழங்கப்பட்டன. தலைச்சுமை விறகு அதனால் பெருமளவு குறைந்ததை அடிவாரத்து ஊர்களில் எவரும் சொல்வர். விறகை விடச் சொன்னதோடு நில்லாமல், அதற்கு ஈடாக ஒரு வருமானத்துக்கும் வழி செய்ததே அங்கு பலன் தந்தது என்பது என் கருத்து.

எரிபொருளின் விலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு, இந்தியாவில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து, வீட்டுப் புகை பற்றி நடத்தப்பட்ட ஹாபின் என்னும் பன்னாட்டு ஆய்வில், கருவுற்ற பெண்கள் இருந்த வீடுகளுக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச எரிவாயுவும் வழங்கப்பட்டன. அவ்வீடுகளில் விறகடுப்பு ஏறக்குறைய முற்றாக நின்றுபோயிற்று. பெண்கள் சுவாசித்த புகைத்துகளும் வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த மாற்றம் தென்படவில்லை என்பதையும் அதே ஆய்வு 2022இல் வெளிப்படையாகக் கூறிற்று. ஆகவே புகை நின்ற மறுநாளே எல்லா நோயும் தீரும் என்று நாமும் வாக்களிக்க வேண்டாம். எரிபொருள் தட்டின்றிக் கிடைத்தால் விறகைத் தேடிப் போவார் இல்லை என்பது மட்டும் அதிலிருந்து ஐயமின்றித் தெரிகிறது.

இனி மின்சாரத்தின் கணக்குக்கு வருகிறேன். நல்ல இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை 130 யூனிட் அளவில் செய்து முடிக்கலாம். நூறு யூனிட் முதல் நானூறு யூனிட் வரையிலான கட்டணம் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள் இருப்பதால், அந்த 130 யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல் ஆகாது. முழு விலை கொடுத்துச் சிலிண்டர் வாங்கும் வீட்டுக்கு இது ஆதாயம். உஜ்வாலா திட்டத்தில் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் பெறும் வீட்டுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. விறகைப் பொறுக்கிக்கொள்ளும் வீட்டுக்கோ இது முழுக்க முழுக்கப் புதுச் செலவு. மின்சாரம் மலிவு என்று மேடையில் பேசுவோர் இம்மூன்று வீடுகளையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

செலவின் அளவைப் போலவே அது வந்து விழும் நாளும் முக்கியம். பீடிக் கூலி வாரக் கூலி. வயல் வேலைக்குத் தினக் கூலி. மின் கட்டணமோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வருகிறது. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிறிய வீடுகள் பல இன்று கட்டணமே இல்லாமலோ மிகக் குறைவாகவோ செலுத்தி வருகின்றன. அந்த அட்டையில் திடீரென்று ஐந்நூறு ரூபாய் ஏறியதைக் கண்டால், அந்த வீட்டு அம்மா இண்டக்‌ஷன் அடுப்பைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. சற்று வசதியான வீடுகளின் அச்சம் வேறு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடுகிறது. மீட்டர் 480ஐ நெருங்கியதும், ‘சார், இன்னிக்கே எடுத்துடுங்க’ என்று கணக்கெடுக்கும் நாளை முன்தள்ளச் சொல்லி என்னைக் கெஞ்சிய வீடுகள் ஏராளம். அங்கே மின்சாரத்தில் சமைக்கச் சொல்வது, தண்டம் கட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வீட்டுக் கம்பிகளையும் பார்க்க வேண்டும். 2,000 வாட் அடுப்புக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த மெல்லிய கம்பியும் 5 ஆம்பியர் பிளக்கும் அதைத் தாங்கா. குடிசை இணைப்புகளில் அந்தச் சுமைக்கு அனுமதியே கிடையாது. தெருவின் கடைசி வீட்டுக்கு மாலையில் வரும் குறைந்த வோல்டேஜில் அடுப்பு அடிக்கடி அணைந்து போகும். மின்மாற்றியை வலுப்படுத்தாமல் ஒரு தெரு முழுவதற்கும் அடுப்பு கொடுத்தால், அந்தத் தெருவே நம்மைத் திட்டும். அலுமினியச் சருவமும் காருகுறிச்சி மண்சட்டியும் இண்டக்‌ஷனில் சூடேறா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுப்போடு அடிப்பக்கம் காந்தம் ஒட்டும் பாத்திரம் இரண்டையாவது சேர்த்துக் கொடுப்பதே முறை. 2011இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடு வீடாக வழங்கிய அரசு இயந்திரத்துக்கு இது இயலாத காரியமன்று.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை எவரும் மறக்கவில்லை. ஆகவே சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் இங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. அது வீட்டில் இருக்கட்டும். சோறும் வெந்நீரும் மட்டும் முதலில் மின்சாரத்துக்கு மாறட்டும். விறகை அதிகம் தின்பவை இவ்விரண்டே.

தொடங்குவதற்கு ஏற்ற காலத்தை நம் பருவமே காட்டுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாபநாசம், களக்காடு பக்கம் சாரல் அடிக்கும்போது விறகு நனைந்து, புகை ஒன்றுக்கு இரண்டாக எழும். பணகுடியிலும் இராதாபுரத்திலும் காற்றாலைகள் முழுவேகத்தில் சுழல்வதும் அதே மாதங்களில்தான். அப்போது உற்பத்தியாகும் காற்று மின்சாரம் முழுவதையும் மின்வாரியம் எடுத்துக்கொள்வதில்லை என்பது காற்றாலை உரிமையாளர்களின் நீண்டகாலக் குறை. அந்த இரண்டு மாதங்களுக்கு, அடிவாரத்து ஊராட்சிகள் சிலவற்றில் மட்டுமாவது, சமையலுக்கென 130 யூனிட்டை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ வழங்கி, அதை 500 யூனிட் வரம்பில் சேர்க்காமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். கட்டணத்தை வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டும் பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் விடலாம். கடன் தவணைகளை அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் வசூலித்து வருகிறார்கள். மாதந்தோறும் மின் கணக்கெடுப்பு என்று 2021 தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குறுதியையும் அந்த ஊராட்சிகளிலிருந்தே நிறைவேற்றத் தொடங்கலாம்.

இவற்றுள் கட்டண வரம்பைத் தளர்த்துவது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரத்துக்கும் மாநில அரசின் மானிய முடிவுக்கும் உட்பட்டது. அடுத்த கட்டணத் திருத்தத்துக்கான பொதுக் கருத்துக் கேட்பில், சமையல் மின்சாரம் என்ற தனித் தலைப்பைச் சேர்க்குமாறு ஆணையத்தையும், முதற்கட்ட ஊராட்சிகளைத் தேர்ந்தெடுக்குமாறு நெல்லை மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் கணக்கீட்டாளர்,
அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.