அப்பச்சிக்கு நீதான் சொல்ல வேண்டும்

அன்புள்ள சாலாவுக்கு,

வள்ளியின் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை போட்டோவும் பார்த்தேன். நம்ம கணக்கு சாரின் மூக்கு அப்படியே இருக்கிறது, வள்ளியிடம் மட்டும் சொல்லிவிடாதே. அண்ணன், அவன் மனைவி அண்ணமிண்டி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். என்னைப் பெற்ற அப்பச்சியும் சௌக்கியம் என்று எழுத வரவில்லை, அதனால்தான் இத்தனை நாளாக நீ என்ன அனுப்பினாலும் கட்டைவிரலைக் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டார், நேற்றுகூட இடியாப்பத்தில் உப்பு இல்லை என்று அண்ணமிண்டியிடம் சண்டை. ஆனால் நடுவில் ஒரு ராத்திரி, போய்விட்டார் என்றே நினைத்துவிட்டோம்.

இடது நுரையீரல் சுருங்கிவிட்டது. விழவில்லை, அடிபடவில்லை, எதையும் தூக்கவில்லை. முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மலேசியாவில் ஈப்போ கடையில் இருந்த காலத்திலிருந்து ஊதித் தள்ளிய சிகரெட்டால் நுரையீரல் மெலிந்து கொப்புளம் கொப்புளமாக ஆகியிருந்ததாம், அதில் ஒன்று உடைந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டது. அப்புறம் நுரையீரல் விரிய இடம் ஏது? ஒல்லியாக நெட்டையாக இருக்கிற சின்னப் பையன்களுக்கும் இது வருமாம், அவர்கள் ஓரளவு தாங்கிவிடுவார்கள். 81 வயதில், ஏற்கெனவே பாதி வேலைதான் செய்கிற நுரையீரலில், கொஞ்சம் காற்று கசிந்தாலே ஆள் காலி.

எனக்கு ஆறாத கோபம் எதில் என்றால், காலையிலேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம். சட்டைக்கு மேலேயே ஸ்டெத்தை ஒரு பக்கம் வைத்து எடுத்துவிட்டு, "வழக்கமான வீசிங்தான், வயசாச்சில்ல" என்று ஆவி வைத்து, கேஸ் மாத்திரையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். வயதானவர்கள் என்ன சொன்னாலும் இந்த ஒரு பதில்தான். வழக்கமாக அவருக்கு வருகிற இழுப்பு இரண்டு மூன்று நாள் சளி, இருமல் என்று சேர்ந்து ஏறி வரும், இது ஒரு நொடியில் வந்தது, அதுவும் ஒரு பக்கமாக. வலிகூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை, மூச்சு மட்டும்தான். வயதானவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம், வலியை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ராத்திரி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. வேர்த்துக் கொட்டுகிறது, ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. 108-க்குப் போன் போட்டோம். ஆக்சிஜன் வைத்து, கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி போகிற வழி முழுக்க அண்ணன் முருகா முருகா என்று ஒரே புலம்பல், எனக்கு அழுகைகூட வரவில்லை. எமர்ஜென்சியில் டியூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண், நம்ம வள்ளி வயதுதான் இருக்கும். அவள் செய்ததைத்தான் உனக்கு விவரமாக எழுத நினைத்தேன். முதலில் சட்டையைக் கழற்றினாள். இரண்டு பக்கமும் ஸ்டெத் வைத்தாள், விரலால் தட்டிப் பார்த்தாள். இடது பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, தட்டினால் மட்டும் தவில் மாதிரி கேட்டது, எனக்கே கேட்டது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பிரஷர் 80-க்கு இறங்கிவிட்டது. அண்ணன் எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, "எடுத்துட்டு வர்றதுக்குள்ள இவர் இருக்க மாட்டார் சார்" என்று நேராகவே சொன்னாள்.

காற்று உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் ஏறி இதயத்தையே மறுபக்கம் தள்ளிவிடும், இதயத்துக்கு ரத்தம் திரும்பி வராது. அதனால்தான் அவ்வளவு அவசரம். அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் தடித்த ஊசி ஒன்றைக் குத்தினாள், புஸ்ஸென்று காற்று வந்தது சாலா, சத்தியமாகச் சொல்கிறேன், பத்து எண்ணுவதற்குள் அப்பச்சி கண்ணைத் திறந்து "தண்ணி" என்றார். முன்பெல்லாம் காறையெலும்புக்குக் கீழேதான் குத்துவார்களாம், அங்கே சதை தடிமனாக இருந்தால் ஊசி எட்டாமல் போய்விடுகிறது என்று, 2018-ல் விபத்துச் சிகிச்சைப் பாடத்திலேயே பெரியவர்களுக்கு இடத்தை மாற்றிவிட்டார்களாம். மறுநாள் நான் நச்சரித்துக் கேட்டபோது சொன்னாள். டீச்சராக இருந்தவளுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

ஊசி தற்காலிகம்தான். அப்புறம் அதே பக்கத்தில் மரக்க ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி டியூப் போட்டார்கள். கீழ் விளிம்பில் ரத்தக்குழாய் ஓடுகிறதாம். டியூபின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் முழுகியிருக்கும், காற்று குமிழியிட்டு வெளியேறும், திரும்ப உள்ளே போகாது. இவ்வளவுதான் சூட்சுமம். அண்ணன் இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தப் பாட்டிலைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்கப் போய், நர்ஸிடம் வாங்கிய திட்டு இருக்கிறதே! நெஞ்சுக்கு மேலே போனால் தண்ணீர் உள்ளே போய்விடுமாம். எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு பையன் டியூபைக் கிளிப் போட்டு மூடப் பார்த்தான், அதற்கும் சத்தம். குமிழி வருகிற டியூபை மூடினால் பழையபடி உள்ளே அழுத்தம் ஏறும்.

இன்னொரு கூத்து ஆக்சிஜன். விரலில் மாட்டுகிற மெஷின் 90 காட்டுகிறது, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஏன் நூறு ஆக்கலை?" என்று டாக்டராகிவிட்டார்கள். முதல் ராத்திரி ஆபத்தில் நிறையத்தான் கொடுத்தார்கள், ஆபத்து நீங்கியதும் குறைத்துவிட்டார்கள். அப்பச்சி போன்ற பழைய நுரையீரல்காரர்களுக்கு 88-லிருந்து 92 போதும், அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடி மயக்கத்துக்குப் போய்விடுவார்கள். இதைத் தேவகோட்டைச் சின்னம்மைக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு வாரம் போல ஆகியும் குமிழி நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் என்றால் மயக்கம் கொடுப்பதே இவருக்கு ரிஸ்க். அதனால் டியூப் வழியாகவே மருந்து ஊற்றி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். மரக்க மருந்து கொடுத்தும் வலி. அப்பச்சி அந்த டாக்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்தார், பாவம் அவர் கேரளாக்காரர், சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒட்டிக்கொண்டது. டியூபை எடுத்தாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் ஈப்போ வந்தே தீருவேன் என்று நிற்கிறார். திருச்சி - கோலாலம்பூர் டிக்கெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். வள்ளி கல்யாணம் பாதிக் காரணம்தான், மீதி அந்தப் பழைய கடைத் தெருவை ஒருதரம் பார்க்க வேண்டும். விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் 6000 அடியிலிருந்து 8000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும், கொடைக்கானல் உயரம் என்று வைத்துக்கொள். உள்ளே எங்காவது காற்று அடைபட்டிருந்தால் அது இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் கூடுதலாக விரியும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்கிற பாயில் விதி, உனக்கு மறந்திருக்கும், நீ எங்கே அந்த வகுப்பில் பாடம் கவனித்தாய். எக்ஸ்ரேயில் முழுக்கச் சரியானதற்கு அப்புறமும் குறைந்தது 7 நாள் பறக்கக் கூடாது என்பது பொது விதி, இவர் நுரையீரல் இருக்கிற லட்சணத்துக்கு இந்த வருஷம் விமானமே நினைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற கொப்புளங்கள் அப்படியேதான் இருக்கின்றன. நடுக்கடலுக்கு மேலே உடைந்தால் அங்கே எந்தப் பெண் டாக்டர் ஊசியோடு நிற்பாள்?

அதற்கு இவர், "பிளேன் வேண்டாம்னா கப்பல்ல போறேன்" என்கிறார். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அல்லவா. ரஜூலா போய், அப்புறம் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985-ல் தீப்பிடித்து அதோடு போயிற்று என்றால், நான் பொய் சொல்கிறேனாம், அண்ணன் சொன்னால் அண்ணமிண்டி சொல்லிக்கொடுத்ததாம். நீ சொன்னால் கேட்பார். சைக்கிள் விஷயத்திலேயே உன் பேச்சைத்தானே நம்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரத்துக்கு அப்புறம் வீடியோ கால் போடு, நயமாகப் பேசாதே, "நீங்க வந்தா எனக்கு வேலை ஓடாது அப்பச்சி" என்று உன் பாணியில் அதட்டு. தாலி கட்டுகிறபோது லைவில் காட்டுகிறேன் என்று சொல், அந்தக் கடைத் தெருவையும் உன் தம்பியை விட்டு மெதுவாக நடந்து படம் எடுத்து அனுப்பச் சொல்.

உங்க ஆத்தாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட்டைத் தொட்டதில்லைதான், ஆனால் ஐம்பது வருஷம் விறகு அடுப்புப் புகை, அதுவும் நுரையீரலை இப்படித்தான் ஆக்கும். பள்ளத்தூரில் அவ்வளவு பெரிய வீட்டில், இரண்டாம் கட்டுக்குள்ளே ஆத்தா, முகப்பில் போன், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? செல்லைக் கழுத்தில் மாட்டிவிடச் சொல். ராத்திரி ஆத்தாவுக்குக் காற்றைத் தள்ளுகிற முகமூடி மெஷின் வைக்கிறார்களே, திடீரென்று மூச்சு முட்டினால் அதை வைத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம் என்று உன் தங்கையிடம் கண்டிப்பாகச் சொல். உள்ளே காற்று கசிந்திருந்தால் அந்த மெஷின் இன்னும் தள்ளிவிடும். நேராக 108.

அப்பச்சியைத் தனியே விட முடியாது, அதனால் கல்யாணத்துக்கு நானும் வரவில்லை. திட்டிக்கொள். அண்ணனும் அண்ணமிண்டியும் வருகிறார்கள், மனகோலமும் சீடையும் கொடுத்தனுப்புகிறேன், பெட்டி எடை 20 கிலோ தாண்டினால் அண்ணன் முதலில் எடுத்து வெளியே போடுவது அதைத்தான், நீயே அவனிடம் பேசிக்கொள்.

உன்,
தெய்வானை