உமரிக்குள் இருப்பதும் உப்புதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

உப்பளத்து ஓரம் வளரும் உமரிக்கீரையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் வேதாரண்யத்தில் அம்மாவின் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகி நீலகிரிக்கு வந்து 28 வருஷம் ஆகிறது. இங்கே கேத்தியில் அந்தக் கீரையின் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக்குப் பதிலாக உமரியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வரியை அப்படியே விட மனசு வரவில்லை.

உமரிக்கு உப்புப் போட வேண்டியதில்லை என்பது சரி. அதற்குள்ளேயே உப்பு இருக்கிறதே! அளத்து ஓரத்தில் வளரும் செடி, வேர் வழியாக ஏறும் சோடியத்தைச் செல்லுக்குள் ஒரு பையில் அடைத்துவைக்கிறது. அந்த உப்பு செல்லின் மற்ற பகுதியிலுள்ள தண்ணீரை இழுத்துவிடாதபடி கிளைசின் பீட்டைன் என்ற பொருளைச் சேர்த்து ஈடுகட்டுகிறது. அம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. கொழுந்தாகக் கிள்ளி, கொதிக்கவைத்து வடித்து, ஆறியதும் பிழிந்து, மறுபடி புதுத் தண்ணீரில் போடுவாள். இரண்டாவது பிழிதலுக்கு அப்புறம் ஓர் இலையை வாயில் போட்டுப் பார்ப்பாள். அவள் தலையாட்டினால்தான் கீரை இறால் சட்டிக்குள் போகும். உப்பில் ஒரு பங்கும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டில் ஒரு பங்கும் அந்த வடிநீரோடு போய்விடும். நீங்கள் போட்ட செய்முறையில் வடிக்கிற வேலையே இல்லை.

போன வருஷம் மாமியாருக்காக ‘மூலிகை உப்பு’ என்று உமரிப் பொடி ஒரு பொட்டலம் வாங்கினேன். சோடியம் எவ்வளவு என்று அதில் ஓர் எண்கூட இல்லை. வடிக்காமல் காயவைத்துப் பொடித்தால் எல்லா உப்பும் அதிலேயேதான் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூலிகை என்றதும் அவர் தாராளமாகத் தூவிக்கொண்டார். பொட்டாசியமும் சேர்ந்திருக்கும், இவருடைய சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று. உமரி முற்றினால் சிவக்கும். அந்தச் சிவப்பு, நாங்கள் மண்ணைத் தட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிற பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டாலைன் வகை நிறமி. இரண்டும் தண்டுக்கீரைக் குடும்பம். பீட்ரூட்டின் மூதாதையும் ஐரோப்பாவின் கடலோரச் செடிதான். முன்னே சொன்ன பீட்டைன் என்ற பெயரே பீட்டிலிருந்து வந்ததாம். பீட்ரூட் சாற்றிலுள்ள நைட்ரேட் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதையாவது மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் நல்லது என்று உமரிக்குச் சொல்லும் பெருமைகள் பெரும்பாலும் சோதனைக் குழாயோடும் எலியோடும் நிற்கின்றன. கட்டுரையாளர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறைதான்.

கீரையைச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் முதல் வேலையே அதுதான். அந்த ஒரு வரியையும் செய்முறையையும் மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேத்தி, நீலகிரி